வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள்: பனிப்பொழிவையும் ஐஸ் புயலையும் கணித்துச் சமாளிக்கும் முறை

ஓர் ஊரில் 2 டிகிரி செல்சியஸில் மழை பெய்யும். அதே நாளில் இன்னோர் ஊரில் 4 டிகிரியில் பனி கொட்டும். மூன்றாவது ஊரில் வெப்பமானி மைனஸ் 3 காட்டும். ஆனால் விழுவது பனியல்ல, மழை. பட்ட இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும் மழை. மூன்றுமே இயல்பாக நடப்பவை. '0 டிகிரிக்குக் கீழே போனால் பனி, மேலே இருந்தால் மழை' என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் கணக்குதான் பிசகு. அந்தக் கணக்கை நம்பித்தான் 3 டிகிரியில் தைரியமாக வண்டி எடுத்துப் பாலத்தின்மேல் சறுக்குகிறார்கள்.

நாம் பார்க்கும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் எடுத்தது. பனிச்செதிலோ மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் எத்தனை முறை உருகியது, மறுபடி உறைந்ததா, கடைசியில் எப்படிப்பட்ட தரையில் விழுந்தது என்பதையெல்லாம் அந்த ஒற்றை எண் சொல்லாது.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்மேல் படியும் துளிக்கும், காலை மூட்டத்துக்கும், வானத்திலிருந்து விழும் வெண்செதிலுக்கும் வழங்குகிறது. இந்த விஷயத்தில் அது குழப்பும். ஆகவே இங்கே பனி என்றால் வானத்திலிருந்து செதிலாக விழும் வெண்பனி மட்டுமே. திரவமாக விழுந்து, பட்ட இடத்தில் உறைவது உறைமழை. விழும்போதே உறைந்து, தரையில் பட்டுத் தெறிக்கும் சிறு மணிகள் ஐஸ் மணிகள். இடிமேகத்திலிருந்து விழும் ஆலங்கட்டி முற்றிலும் வேறு. 30 டிகிரி வெயில் நாளிலும் அது வரும். 2019 ஜூன் இறுதியில் மெக்சிகோவின் குவாடலஹாராவில் ஆலங்கட்டி சில இடங்களில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கார்களை மூடியது. அது கோடைப் புயலின் விளைவு. கீழே சொல்லும் கணக்குகள் ஆலங்கட்டிக்குப் பொருந்தாது.

முதல் கருவி: ஈரக்குமிழ் வெப்பநிலை

வறண்ட காற்றில் விழும் பனிச்செதில் வியர்த்த உடம்பைப்போலத்தான். அதன் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் காற்று 5 டிகிரியில் இருந்தாலும் செதில் 0 டிகிரியிலேயே நின்று உருகாமல் வந்து சேரலாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் நடக்காது. 2 டிகிரியிலேயே உருகிவிடும். ஆவியாதலால் எந்த அளவுவரை குளிர முடியும் என்று அளந்து சொல்வதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை.

கடல் மட்டத்தை ஒட்டிய காற்றழுத்தத்தில் சில எண்கள். வெப்பநிலை 6, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 0.6. வெப்பநிலை 4, ஈரப்பதம் 40 என்றால் சுமார் மைனஸ் 0.2. வெப்பநிலை 3, ஈரப்பதம் 60 என்றால் 0.4. வெப்பநிலை 2, ஈரப்பதம் 95 என்றால் 1.7. இந்த நான்கில் மழையாகவே விழ அதிக வாய்ப்புள்ளது கடைசி நிலையில்தான், அதாவது வெப்பமானி மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில்! ஈரக்குமிழ் 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பனி, 0.5 முதல் 1.5 வரை கலவை. அதற்கு மேல் போகப் போக மழை.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரே வகையான இரண்டு வெப்பமானிகள் வேண்டும். முதலில் ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டையும் 10 நிமிடம் அதில் வையுங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும். ஒன்று 0.8 காட்டினால் அந்த 0.8-ஐ எழுதி வைத்து, பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் கழியுங்கள். இதைச் செய்யாமல் அளந்தால் மற்றதெல்லாம் வீண். நாம் தேடும் வேறுபாடே ஒரு டிகிரிக்குள்தான் இருக்கிறது.

பிறகு ஒரு வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியை ஒரே ஒரு சுற்று சுற்றி, சுத்தமான தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் நிழலில், சுவரை ஒட்டாமல் தொங்கவிட்டு, அட்டையாலோ சிறு மின்விசிறியாலோ 3 முதல் 5 நிமிடம் தொடர்ந்து காற்று படும்படி செய்யுங்கள். ஈரத் துணி சுற்றியது இனிமேல் இறங்காது என்ற நிலைக்கு வந்ததும் படியுங்கள். துணி தடிமனாக இருந்தாலோ, பாதி காய்ந்துவிட்டாலோ, காற்று போதாவிட்டாலோ அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி 'மழைதான்' என்று முடிவு செய்துவிடுவோம்.

அளக்க வசதியில்லையென்றால் வானிலைச் செயலியில் ட்யூ பாயிண்ட் என்று வரும் பனிப்புள்ளியை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, பாருங்கள். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம், வெப்பநிலையிலிருந்து கழித்தால் ஈரக்குமிழ் கிட்டத்தட்டக் கிடைக்கும். வெப்பநிலை 5, பனிப்புள்ளி மைனஸ் 5 என்றால் இடைவெளி 10. கணக்குப்படி 1.7 வரும், உண்மையில் 1.3 அளவில் இருக்கும். புயல் தொடங்கும் முன்பே இதைக் கணக்கிட வேண்டும். மழை விழத் தொடங்கியதும் வறண்ட காற்று ஈரமாகி, வெப்பநிலை அந்த ஈரக்குமிழ் எண்ணை நோக்கி இறங்கும். '5 டிகிரியில் மழை தூறுகிறது, கவலையில்லை' என்று கிளம்பியவர் ஒரு மணி நேரத்தில் கனத்த பனிக்குள் நிற்பது இப்படித்தான்.

மேலிருந்து கீழே படியுங்கள்

வானிலைக் கணிப்பாளர்கள் மேகத்தில் தொடங்கித் தரைவரை படிப்படியாக இறங்கி வந்து முடிவு செய்கிறார்கள். பலூன் அளவீடுகள் நாளுக்கு இருமுறை, யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி 00 மணிக்கும் 12 மணிக்கும் எடுக்கப்படுகின்றன. உயரவாரியான வெப்பநிலை வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதல் இடம் மேகத்தின் உச்சி. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்பது பாத்திரத்துத் தண்ணீருக்குச் சரி, மேகத்துளிக்குச் சரியல்ல. உறைவதற்கு ஒரு நுண்துகள் துணை வேண்டும். அது இல்லாவிட்டால் துளி மைனஸ் 38 டிகிரி வரையிலும்கூடத் திரவமாகவே இருக்கும். மேக உச்சி மைனஸ் 10-ஐவிட வெதுவெதுப்பாக இருந்தால் அதில் பனிப்படிகங்கள் அதிகம் உருவாகா. அந்த மேகம் தரும் தூறல் மீக்குளிர்ந்த நீராகவே, அதாவது 0-க்குக் கீழும் உறையாத நீராகவே, இறங்கிச் சாலையில் உறையும். காற்று முழுவதும் மேலிருந்து கீழ்வரை 0-க்குக் கீழே இருந்தும் பனி விழாமல் ஐஸ் படிவது இதனால்தான். ரேடாரில் மெல்லிய சாயலாகக்கூடத் தெரியாத இந்தத் தூறலை மக்கள் பொருட்படுத்துவதில்லை. சாலை வழுக்குவதற்கோ அரை மில்லிமீட்டர் போதும்.

இரண்டாவது இடம், நடுவில் இருக்கக்கூடிய வெப்ப அடுக்கு. பெரும்பாலும் 1 முதல் 3 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருக்கும். அதன் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் செதில் ஓரங்களில் மட்டும் நனைந்து பனியாகவே தப்பிவிடும். 1 முதல் 3 வரை என்றால் பாதி உருகும். உள்ளே எஞ்சிய பனிக்கரு, கீழே வரும் குளிரில் முழுத் துளியையும் மறுபடி உறைய வைக்கும். அதுவே ஐஸ் மணி. 3 டிகிரியைத் தாண்டினால் கரு முழுதாகக் கரைந்துவிடும். பிறகு கீழே குளிர்ந்த காற்று இருந்தாலும் துளிக்கு உறைய ஆதாரம் கிடையாது. அது மீக்குளிர்ந்த நீராக வந்து மின்கம்பியில், கிளையில், கைப்பிடியில் பட்ட கணத்தில் உறையும்.

ஆக, பனிக்கும் பேரழிவு தரும் ஐஸுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் 2 டிகிரிதான். தரையில் நிற்பவருக்கு இரண்டு நாளும் ஒன்றுபோலவே தோன்றும்: மைனஸ் 2, மேகமூட்டம், லேசான காற்று.

மூன்றாவது இடம், தரையோரக் குளிர்படலத்தின் தடிமன். 700, 800 மீட்டருக்கு மேல் தடித்தும், மைனஸ் 6-ஐவிடக் குளிர்ந்தும் இருந்தால் ஐஸ் மணிக்கு வாய்ப்பு கூடும். மெலிந்திருந்தால் உறைமழை. ஜன்னல் கண்ணாடியில் மணல் வீசுவதுபோல் சத்தம் கேட்டால் ஐஸ் மணி. சத்தமில்லாமல் நனைத்து, கம்பிகளில் பளபளப்பு ஏறினால் உறைமழை. உடனே வெளிவேலைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது தரை. அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1 மி.மீ. மழைக்கு இணையான பனி உருக, ஒரு சதுர மீட்டருக்கு 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 300 மீட்டர் உயரக் காற்றை ஏறக்குறைய 1 டிகிரி குளிர்விக்க இது போதும். காற்று வீசாத பள்ளத்தாக்கில் கனமழை 3 மணி நேரம் நீடித்தால், உருகும் பனியே தனக்குக் கீழுள்ள காற்றை 0 டிகிரிக்கு இழுத்துவிடும். முன்னறிவிப்பில் 3 டிகிரி என்றிருந்த மழை கனத்த ஈரப்பனியாக மாறும். லேசாகப் பெய்தால் மழை, கனத்துப் பெய்தால் பனி என்று ஒரே இடத்தில் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான்.

உறைமழையில் இது தலைகீழ். உறையும்போது அதே வெப்பம் வெளியாகும். அதனால் தரையோரக் காற்று மெல்லச் சூடேறி, சில மணி நேரத்தில் 0-ஐத் தாண்டி, ஐஸ் நின்றுவிடும். நிற்காமல் நாள்கணக்கில் தொடர்ந்தால், எங்கிருந்தோ குளிர்ந்த வறண்ட காற்று இடைவிடாமல் வந்து சேர்கிறது என்று பொருள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதே அந்தந்த நிலப்பகுதியின் ரகசியம்.

எந்த நிலத்தில் எதை எதிர்பார்ப்பது

மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் குளிர்காற்று தேங்கும் பகுதிகள்தான் ஐஸ் புயலின் தாய்வீடு. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. 1998 ஜனவரி 4 முதல் 10 வரை, பள்ளத்தாக்கு வழியே வடகிழக்கிலிருந்து குளிர்காற்று ஊர்ந்து வந்துகொண்டே இருக்க, மேலே தெற்கிலிருந்து ஈரமான வெப்பக்காற்று பாய்ந்தது. மான்ட்ரியால் பகுதியில் சில இடங்களில் 100 மி.மீ. வரை உறைமழை. ஏறக்குறைய ஆயிரம் உயர்மின் கோபுரங்கள் சரிந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, சிலருக்கு வாரக்கணக்கில். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்குக் கிழக்கேயுள்ள வர்ஜீனியாவும் கரோலினாக்களும், கொலம்பியா ஆற்று மலையிடுக்கின் வாயிலில் இருக்கும் போர்ட்லண்டும், ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னாவும் இதே வகை. போஸ்டோய்னா சுற்றுவட்டாரக் காடுகளை 2014 பிப்ரவரி ஐஸ் புயல் முறித்துப் போட்டது. 2008-இல் தென் சீனத்தின் ஹூனான், குய்ச்சோவ் மாகாணங்களில் உறைமழை பல வாரம் விட்டுவிட்டு நீடித்தது. சென்சோவ் நகரம் ஏறக்குறைய இரண்டு வாரம் இருளில் கிடந்தது. இந்தப் பகுதிகளில் முன்னறிவிப்பு 'பிற்பகலில் 2 டிகிரி ஆகும்' என்று சொன்னாலும், பள்ளத்தாக்குக் காற்று திசை மாறும்வரை நம்பாதீர்கள். தேங்கிய குளிர்காற்று கணினி மாதிரிகள் சொல்வதைவிடத் தாமதமாகத்தான் விலகும்.

வறண்ட உயர்நிலங்களில், அதாவது திபெத் பீடபூமி, ராக்கி மலைகள் போன்ற இடங்களில், 3, 4 டிகிரியிலும் பனி சாதாரணம். கடலோரங்களில் 1 டிகிரியே பெரும்பாலும் மழை. வட அரைக்கோளம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மழையும் பனியும் சரிபாதியாகும் எல்லை சராசரியாக 1 டிகிரியை ஒட்டி வருகிறது. ஆனால் அந்தச் சராசரி உங்கள் ஊருக்கு உதவாது. உங்கள் இடத்தின் ஈரப்பதம்தான் தீர்மானிக்கும்.

சகாராவின் ஓரத்தில் அல்ஜீரியாவின் ஐன் செஃப்ரா ஊரின் மணல்மேடுகள் 2016 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் வெள்ளையாயின. ஊர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் வறண்டது. இரண்டையும் சேர்த்தால் வியப்பு குறைந்துவிடும்.

வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேல் குளிர்காற்று கடக்கும் இடங்களில் அளவுதான் அதிர்ச்சி தரும். ஏரி நீருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் வேறுபாடு 13 டிகிரி அல்லது மேல் என்றால் பனிப்பட்டைகள் உருவாகும் என்பது கணிப்பாளர்களின் கைக்கணக்கு. 2014 நவம்பரில் அமெரிக்காவின் ஏரிக்கரை நகரமான பஃபலோவின் தெற்குப் புறத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொட்டியது; சில கிலோமீட்டர் வடக்கே மிகக் குறைவு. ஜப்பான் கடலோர மாநிலமான நீகாட்டாவில் வெப்பநிலை 0-ஐ ஒட்டியிருக்கும்போதே ஈரப்பனி மலைபோல் குவியும். 2020 டிசம்பரில் கான்எட்சு விரைவுச்சாலையில் ஏறக்குறைய 2,100 வாகனங்கள் சிக்கி நின்றன. பட்டை எங்கே நிற்கிறது என்று ரேடாரில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 'ஊர் முழுக்கப் பனி' என்ற பொது அறிவிப்பு இங்கே பயன்படாது.

'பனி பெய்யக்கூட முடியாத குளிர்' என்பது பாதி உண்மை. மைனஸ் 20 டிகிரிக் காற்று, 0 டிகிரிக் காற்று தாங்கும் ஈரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே குறைவாகப் பெய்யும், நின்றுவிடாது.

தரை என்ன சொல்கிறது

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, 2 மீட்டர் உயரக் காற்றைவிட 3 முதல் 5 டிகிரி குளிர்ந்துவிடும். செயலி 3 டிகிரி காட்டும். ஈரமான சாலை உறைந்திருக்கும். பாலத்துக்கு அடியிலும் காற்று ஓடுவதால் மண்ணின் சூடு அதற்குக் கிடைக்காது. எப்போதும் அதுவே முதலில் உறையும். மரநிழல் விழும் வளைவும் அப்படியே.

கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை, வாசற்படி, நிழலான மூலை மூன்றையும் மாலை இருட்டும்போது ஒருமுறை, தூங்கப்போகும் முன் ஒருமுறை அளந்தால், எந்த வேகத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். 1 மீட்டர் தொலைவுக்குள், நேர்க்குத்தாகப் பிடித்து அளக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வானத்தின் குளிரையும் சேர்த்துப் படித்துவிடும். காரில் உள்ள வெப்பநிலை எண் முன்பக்க பம்பர் அருகே உள்ள உணரியிலிருந்து வருவது. நின்றிருந்த வண்டியில் இன்ஜின் சூட்டால் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். சில கிலோமீட்டர் ஓடிய பிறகே அதைப் பாருங்கள். 4 டிகிரிக்குக் கீழே வந்தால் ஈரமாகத் தெரியும் சாலையை ஐஸ் என்றே கொள்ளுங்கள். டயர் நீரை வாரி இறைக்கும் சத்தம் சட்டென்று அடங்கினால் அது உறைந்த பரப்பு.

அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று விழுந்தது 5 முதல் 7 செ.மீ. பனிதான். ஆனால் தரை உறைநிலைக்குக் கீழே இருந்தது. அலுவலகமும் பள்ளியும் ஒரே நேரத்தில் விடப்பட்டதால் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் அந்த மெல்லிய பனியை அழுத்தி உருக்கி மறுபடி உறைய வைத்தன. மக்கள் இரவு முழுவதும் சாலையில் கழித்தார்கள். பனி விழ ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்தில் எல்லாரும் கிளம்பும்போது கிளம்பாதீர்கள். முன்பே போய்விடுங்கள், இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே தங்குங்கள்.

எடையைக் கணக்கிடுங்கள்

கிளையில் படிந்த ஐஸை அளக்க, ஐஸோடு சேர்த்து மொத்தக் குறுக்களவை எடுத்து, கிளையின் குறுக்களவைக் கழித்து, இரண்டால் வகுங்கள். அதுவே ஐஸின் தடிமன். 6 மி.மீ. ஆனால் சிறு கிளைகள் முறியத் தொடங்கும்; 12 மி.மீ. தாண்டினால் மின்வெட்டுக்குத் தயாராகுங்கள். ஏனென்றால் எடை தடிமனைவிட வேகமாக ஏறும். 1 செ.மீ. குறுக்களவுள்ள கம்பியைச் சுற்றி 1 செ.மீ. ஐஸ் படிந்தால் மீட்டருக்கு 0.57 கிலோ; 50 மீட்டர் கம்பிக்கு 28 கிலோ. 2.5 செ.மீ. படிந்தால் மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ, அதே 50 மீட்டருக்கு 124 கிலோ. இதன்மேல் காற்றும் வீசினால் கம்பம் தாங்காது.

ஈரப்பனியும் இதே வேலையைச் செய்யும், அதுவும் 0-க்குச் சற்று மேலே இருக்கும்போது! உலர்ந்த பனி கம்பியில் நிற்காது. நீர் கலந்த பனி ஒட்டிக்கொண்டு கம்பியைச் சுற்றி உருளையாகத் தடிக்கும். 2005 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்து பகுதியில் 80-க்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் இப்படித்தான் மடிந்தன.

கூரைக்கு வந்தால், பனியின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள திறந்த பெட்டியைப் பனியில் மேலிருந்து தரைவரை இறக்கி, உள்ளே உள்ளதை எல்லாம் எடுத்து நிறுங்கள். கிலோவில் வரும் எடையை 100 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். புதிய உலர்ந்த பனி 30 செ.மீ. இருந்தாலும் 15 முதல் 30 கிலோதான். ஈரப்பனி அதே உயரத்தில் 90 கிலோவைத் தொடும். பனிமேல் மழை பெய்தால் பஞ்சு நீர் குடிப்பதுபோல் குடித்துவிடும், 20 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு இன்னும் 20 கிலோ. தரையில் நின்றபடியே நீண்ட கைப்பிடி வாரியால் ஓரத்திலிருந்து இழுங்கள். இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் கூரைச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவுகள் திடீரென்று இறுகினாலோ உட்கூரையில் புதிய விரிசல் தெரிந்தாலோ, அளந்துகொண்டிருக்காமல் வெளியேறுங்கள்.

உப்பு: எவ்வளவு, எப்போது

சாதாரண உப்பு எல்லாக் குளிரிலும் ஒரே அளவு வேலை செய்யாது. மைனஸ் 1 டிகிரியில் 1 கிலோ உப்பு ஏறக்குறைய 46 கிலோ ஐஸைக் கரைக்கும். மைனஸ் 4-இல் 14 கிலோ, மைனஸ் 7-இல் 8 கிலோவுக்குச் சற்று மேல், மைனஸ் 12-இல் 5 கிலோ. கரைக்கும் வேகமும் குறைந்துகொண்டே போகும். மைனஸ் 9-க்குக் கீழே உப்பை அள்ளிக் கொட்டுவது மண்ணையும் செடியையும் கெடுப்பதோடு சரி. அங்கே கால்சியம் குளோரைடு, அல்லது பிடிமானத்துக்கு மட்டும் கரடுமுரடான மணல்.

உப்பின் பயன், ஐஸ் உருவாகும் முன் போடும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். உருவாகிய ஐஸை மேலிருந்து கரைக்கப் பல மடங்கு தேவை. முன்பே போட்டால் ஐஸ் தரையோடு ஒட்டாது, மண்வெட்டியால் தட்டினாலே பெயரும். முன்தடுப்புக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம், பனி அல்லது உறைமழை வரும் என்றால் 20 முதல் 40 கிராம். தானியங்கள் ஒன்றோடொன்று தொடாமல் விரல் இடைவெளியில் கிடந்தால் அளவு சரி. உப்புக்கரைசலாகத் தெளிப்பது இன்னும் சிக்கனம்: 1 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் உப்பு. இந்த 23 சதவீதக் கரைசல்தான் உப்புநீர் மிகக் குறைந்த வெப்பநிலையில், மைனஸ் 21-இல், உறையும் விகிதம். இதைவிட அதிகம் கரைத்தால் உறைநிலை மறுபடி ஏறும். கூட்டிப் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே எடுபடாது. ஆனால் மழையாக ஆரம்பித்துப் பிறகு உறையப் போகிறது என்றால் கரைசல் அடித்துப் போய்விடும். அன்று மழை பனியாக மாறும் நேரத்தில் உலர் உப்புதான். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் முதல் குளிர்காலம் உப்பே வேண்டாம்; மணல் போதும். வெந்நீர் ஊற்றவே கூடாது. ஓடிப் பரவி, அரை மணியில் முன்பைவிட வழுவழுப்பான ஐஸாகும்.

வீட்டுக்குள்: குழாயும் புகையும்

குளிருக்குப் பழக்கமில்லாத ஊர்களில் குழாய்கள் வெளிச்சுவரிலும் கூரைக்கடியிலும் போகும். வெளியே மைனஸ் 7-ஐ நெருங்கினால் அவற்றுக்கு ஆபத்து. குழாய் வெடிப்பது ஐஸ் உருவான இடத்தில் அல்ல. ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் தாங்காமல் வேறெங்கோ பிளக்கும். இரவில் திருகைச் சொட்டவிடுவதன் பயன் இதுதான்: ஓடும் நீர் உறையாது என்பதைவிட, அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது என்பது முக்கியம். வெளிச்சுவரை ஒட்டிய, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். வீட்டைப் பூட்டிப் போவதென்றால் வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மை வால்வை மூடி, எல்லாத் திருகையும் திறந்து காலி செய்யுங்கள். உறைந்துவிட்டால் திருகைத் திறந்து வைத்து, திருகுப் பக்கமிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள், தீ விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன.

மின்சாரம் போனபின் குளிரைப்போலவே ஆளைக் கொல்லக்கூடியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் 45 லட்சம் வீடுகள் இருளில் மூழ்கியபோதும், 1998-இல் கனடாவிலும், வீட்டுக்குள் கரி மூட்டியும் ஜெனரேட்டர் ஓட்டியும் குடும்பங்கள் பலியாயின. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க இருக்க வேண்டும். கார் நிறுத்தும் அறையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுவதும் பாதுகாப்பல்ல. பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று தூங்கும் அறைக்கு அருகே இருக்கட்டும். தலைவலி, குமட்டல், மயக்கம் வீட்டில் ஒரே நேரத்தில் இருவருக்கு வந்தால் யோசிக்காமல் வெளியே போங்கள்.

எல்லாரும் ஒரே அறையில் தங்கி, கதவின் கீழிடைவெளியைத் துணியால் அடையுங்கள். எரியும் அடுப்போ ஹீட்டரோ அந்த அறையில் இருந்தால் அடைக்கக் கூடாது. திறக்காத குளிர்ப்பெட்டி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி.

வண்டியில் சிக்கினால்

ஐஸ்மேல் வண்டி நிற்க ஆகும் தூரம் உலர்ந்த சாலையைவிடப் பத்து மடங்குவரை போகும். நான்கு சக்கர இழுவை கிளம்ப உதவுமே தவிர நிற்க உதவாது. குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இளக்கமாக இருக்கும். அதனால் பனி விழுமுன்பே, அந்த வெப்பநிலையிலேயே மாற்றிவிட வேண்டும்.

நெடுஞ்சாலையில் பனி சூழ்ந்து நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். முதலில் புகைக்குழாயைச் சுற்றிய பனியை நீக்குங்கள். அடைபட்டால் புகை உள்ளே வரும். மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, காற்று வராத பக்கக் கண்ணாடியை விரலளவு திறந்து வையுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் புகைக்குழாயை மறுபடி பார்க்க வேண்டும்; பனி விழுந்துகொண்டேதான் இருக்கும்.

வானம் வெளுத்த பிறகு

2021 ஜனவரியில் மாட்ரிட்டில் ஏறக்குறைய அரை மீட்டர் ஈரப்பனி 0 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் விழுந்தது. அது மென்மையாக இருந்த நேரம் ஒன்றிரண்டு நாள்தான். அடுத்த இரவுகளில் சில இடங்களில் மைனஸ் 10-க்கும் கீழே இறங்கியது. அள்ளாமல் விட்டதெல்லாம் கல்லாகிப் பல நாள் கிடந்தது. ஈரப்பனி நின்றதும் வானம் தெளிகிறதென்றால், அன்று சூரியன் மறைவதற்குள் வாசலையும் படியையும் வடிகால் வாயையும் காலி செய்துவிடுங்கள். 15 செ.மீ. அடுக்காக, மண்வெட்டியில் பாதி அளவே எடுத்து, தூக்கி வீசாமல் தள்ளுங்கள். ஒரு பெரிய மண்வெட்டி நிறைய ஈரப்பனி 10 கிலோவைத் தாண்டும். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும்போது அந்தப் பளு நேராக இதயத்தில் ஏறும். இதய நோய் உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட வேண்டும்.

பனி சுமந்த கிளையைக் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கி உதறலாம். ஐஸ் படிந்த கிளையைத் தொடாதீர்கள். வளைந்து நிற்பதை ஆட்டினால் முறியும், விட்டுவிட்டால் பெரும்பாலானவை உருகியபின் தாமாக நிமிரும். வெப்பம் 0-ஐத் தாண்டும் முதல் இரண்டு மணி நேரம் மரத்தடியிலும் மின்கம்பிக்குக் கீழும் நடக்கக் கூடாது. கம்பியிலிருந்து ஐஸ் மொத்தமாக உதிரும்போது பாரம் குறைந்த கம்பி துள்ளி எழும். பக்கத்துக் கம்பியில் மோதி அறுந்தும் விழலாம். தரையில் கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்சாரம் பாய்வதாகவே எண்ணி 10 மீட்டர் தள்ளி நின்று, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். உருகிய நீர் பகலில் ஓடித் தேங்கிய இடங்களை அன்று மாலையே குறித்து வைத்து அங்கே மட்டும் உப்பு தூவுங்கள். மறுநாள் காலை ஐஸ் இருக்கப்போவது அங்கேதான்.